குசாட்சு: பனி, வெந்நீர், தோல்

வியாழன்

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊரான குசாட்சுவுக்கு ரயில் கிடையாது. டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் ஏறினால் நகனோஹாரா-குசாட்சுகுச்சி என்ற நிலையம் வரை சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பேருந்தில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் மலையேற வேண்டும். ஒரு காலத்தில் தெற்கே உள்ள கருயிசாவாவிலிருந்து குசாட்சு வரைக்கும் ஒரு சின்ன மலை ரயில் ஓடியிருக்கிறது. 1962-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

உவேனோவில் நல்ல வெயில். நகனோஹாராவில் இறங்கியபோது சாலையோரம் பனியை ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். பேருந்து ஏற ஏற மரங்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில். அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். வந்துபோகிறவர்களோ ஆண்டுக்கு முப்பது லட்சத்துக்கும் மேல். வருகிற எல்லாருக்கும் வேண்டியது தண்ணீர்தான்.

அக்கா டோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறாள். நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் குடியிருக்கும் பகுதி. ஜனவரியில் வருகிறேன் என்று சொன்னதுமே ஒன்சென் போகலாம் என்றாள். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. நிலத்திலிருந்து 25 டிகிரிக்குக் குறையாத சூட்டில் நீர் வர வேண்டும், அல்லது பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவில் அதில் கரைந்திருக்க வேண்டும் என்று 1948-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஹக்கோனே பக்கம், ஃபுஜி மலை தெரிகிற மாதிரி ஒரு விடுதியில், தனிக் குளியலறையோடு அறை எடுக்கலாம் என்பது அக்காவின் திட்டம்.

"தனியா குளிக்கிற மாதிரி எடுத்துடலாம்டி. உனக்கு அதுதான் வசதி."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எனக்கு வெண்புள்ளி உண்டு. கைவிரல்களில் தொடங்கியது, இப்போது கழுத்து, வயிறு, முழங்கால் வரை படர்ந்திருக்கிறது. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் முழுக்கைச் சட்டை இல்லாமல் நான் வெளியே போனது குறைவு. ஜப்பானியப் பொதுக் குளியலில் ஒரு நூல்கூட உடம்பில் இருக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவான இடத்திலேயே குளிக்கிறேன் அக்கா, குசாட்சுவுக்கே போகலாம் என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் ஐந்து நிமிடத்தில் ஊரின் நடுவுக்கு வந்துவிடலாம். அதற்கு முன்பே மூக்குக்குக் கந்தகம் எட்டிவிடுகிறது. நடுச் சதுக்கம் முழுவதும் யுபதாகே. வெந்நீர் வயல் என்று சொல்லலாம். நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் கொதிநீர் அங்கே தானாகவே பொங்கி வருகிறது. குழாய் போட்டு உறிஞ்சுவதில்லை. ஏழு நீண்ட மரத் தொட்டிப் பாதைகள் வழியாக அதை மெதுவாக ஓடவிடுகிறார்கள். பச்சைத் தண்ணீர் கலந்தால் சத்து குறைந்துவிடும் என்று இப்படியே ஆறவைக்கிறார்கள். கடைசியில் அது அருவியாகக் கீழே விழுகிறது, இளம் பச்சை நிறத்தில். மரப் பாதையின் அடியில் படியும் கந்தகப் பொடியைச் சுரண்டி எடுத்து உலர்த்தி விற்கிறார்கள். இந்தச் சதுக்கத்துக்கு இன்றிருக்கும் வடிவத்தைக் கொடுத்தவர் ஓவியரும் சிற்பியுமான தாரோ ஒகாமோட்டோ, 1975-இல். அந்தக் காலத்தில் ஜப்பானை ஆண்ட ஷோகுன் (படைத்தலைவர்) யோஷிமுனே இந்தத் தண்ணீரைப் பீப்பாய்களில் அடைத்து எடோவுக்கே, அதாவது இன்றைய டோக்கியோவுக்கே, வரவழைத்தாராம். அவருக்காக நீர் மொண்ட இடம் என்று ஒரு மரச் சட்டத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

ஊர் முழுக்கச் சேர்த்தால் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். தானாகப் பொங்கும் நீரின் அளவில் ஜப்பானிலேயே குசாட்சுதான் முதலிடம்.

நாங்கள் தங்கியது சின்ன ரியோகான், அதாவது ஜப்பானிய மரபு விடுதி. பாய் விரித்த அறை, ஆளுக்கொரு யுகாத்தா அங்கி. இடப்பக்கம் மேலே வருகிற மாதிரிதான் மடித்துக் கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. அக்கா என் அங்கியைச் சரிபார்த்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே விட்டாள்.

பெண்கள் குளிக்கும் இடத்துக்குச் சிவப்புத் திரை. உள்ளே வரிசையாகப் பிரம்புக் கூடைகள். அக்கா முதலில் கழற்றியது மெட்டியைத்தான். கந்தகம் பட்டால் வெள்ளி ஒரே குளியலில் கறுத்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கால் விரல் வெறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. கூடையில் போட்டு மேலே துண்டை மூடினாள். அப்புறம் நான்.

ஆற்றங்கரையானாலும் விடுதியானாலும் மாரில் பாவாடையைக் கட்டிக்கொண்டு குளித்துப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கடைசித் துணியைக் கூடையில் வைக்க எனக்கு நேரம் பிடித்தது. அக்கா அவசரப்படுத்தாமல் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

உள்ளே நுழைந்ததும் வெந்நீரில் இறங்கிவிடக் கூடாது. சுவரோரம் குட்டையான முக்காலிகள், குழாய், வாளி, சோப்பு. உட்கார்ந்து தலை முதல் கால் வரை தேய்த்துக் கழுவி, நுரை போக அலச வேண்டும். தொட்டி அழுக்குப் போக்கும் இடமில்லை. சுத்தமான உடம்போடு போய் உட்காரும் இடம். கைத்துண்டுகூடத் தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். நீளமான முடியை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும்.

தொட்டியில் ஏற்கெனவே நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஒருத்திக்கு வயிற்றில் நீளமான அறுவைத் தழும்பு. இன்னொருத்திக்கு ஒரு மார்பு இல்லை. நான் இறங்கியபோது ஒரு பாட்டி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், தலையை லேசாகத் தாழ்த்தினார், பிறகு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

தண்ணீர் 42 டிகிரி இருக்கும் என்றாள் அக்கா. முதலில் பாதம் சுரீர் என்கிறது. பிறகு முழங்காலில் ஏறுகிறது. கழுத்து வரை இறங்கினால் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு நீளமாக வெளியே வருகிறது. விரலில் இருந்த சின்ன வெட்டுக்காயம் எரிந்தது. இந்த நீரில் அமிலம் அதிகம். வெளியே ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. என் வயிற்றின் வெள்ளைத் திட்டுகளை ஒளிக்காமல், இன்னொருவர் பக்கத்தில், இத்தனை நேரம் நான் இருந்ததே இல்லை. அழுகை வந்தது. அந்த ஆவியில் யார் முகம்தான் நனையாமல் இருந்தது?

வெள்ளி

காலையில் நெட்சுநோயு மண்டபத்தில் யுமோமி பார்த்தோம். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான மரப் பலகைகளைக் கொதிநீர்த் தொட்டியில் விட்டு, பாட்டுக்கு ஏற்ப இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிச் சூட்டைத் தணிக்கிறார்கள். இன்று பார்வையாளர்களுக்காகச் செய்கிறார்கள். அந்தக் காலத்தில் அது வைத்தியத்தின் முதல் படி. பலகை போட்டு முடித்து, தலையில் முப்பது முறை வெந்நீர் ஊற்றிக்கொண்டு, குளியல் தலைவர் குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். 47, 48 டிகிரியில் மூன்றே நிமிடம். நிமிடம் கழிவதை அவர் கூவிச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். 1876-இல் ஜப்பானுக்கு வந்து, பிறகு அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்த எர்வின் பெல்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த ஊரின் நீரையும் காற்றையும் பாராட்டி எழுதிய பிறகு குசாட்சுவின் பெயர் வெளிநாடுகளுக்கும் பரவியது. சாய்நோகவாரா பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

யுபதாகேயை ஒட்டியே ஷிரஹாத்தா என்ற பொதுக் குளியல். கட்டணம் இல்லை. ஒரு மரக் கட்டடம், உள்ளே துணி மாற்ற ஒரு தட்டு, அதே அறையில் தொட்டி. கழுவ முக்காலியோ சோப்போ எதுவும் கிடையாது. இங்கே எனக்கு நேற்றைய தைரியம் போதவில்லை, காரணம் சூடு. காலை வைத்ததும் எடுத்துவிட்டேன். உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், எழுபது வயது இருக்கும், அக்காவிடம் ஏதோ சொல்லி, மரக் கரண்டியை என் கையில் கொடுத்தார்.

"தலையில நிறைய ஊத்திக்கச் சொல்றாங்க. பிடரியில, முதுகுல. உடம்பு பழகின பிறகு இறங்கணுமாம். அப்புறம் உள்ளே ஆடாம அசையாம உட்காரணுமாம்."

என் கழுத்தையும் அவர் பார்த்தார். பார்த்ததை நானும் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கரண்டியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று மட்டும் காட்டினார். அசையாமல் இருந்தால் உடம்பைச் சுற்றி நீர் கொஞ்சம் ஆறி நிற்கிறது. யாராவது கிளறினால் சூடு மறுபடி கடிக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. வெளியே வந்தபோது பூஜ்யத்துக்குக் கீழே குளிர். கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன், உடம்பு அவ்வளவு நேரம் சூட்டை வைத்திருந்தது.

மதியம் ஒன்சென் முட்டை சாப்பிட்டோம். மஞ்சள் கரு இறுகியும் வெள்ளை தளதளவென்றும் இருக்கும். மஞ்சள் கரு இறுகுவதற்கு வெள்ளையைவிடக் குறைந்த சூடு போதும், 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் வைத்தால் இப்படி வரும். தெருவில் மான்ஜு என்ற சூடான மாவுப் பண்டத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள் என்று நீட்டுகிறார்கள். உள்ளே இனிப்பான சிவப்புப் பயறு விழுது. அக்கா சைவம், மீன் சாறு சேராத பண்டம் கிடைத்ததில் அவளுக்குத்தான் அதிக சந்தோஷம்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விடுதியில் கேட்டால் மேற்கே கையை நீட்டுகிறார்கள். குசாட்சு-ஷிரானே எரிமலை. மலையில் இறங்கும் மழையும் பனியும் ஆழத்தில் எரிமலை வாயுக்களோடு கலந்து சூடாகி, கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமுமாக வெளியே வருகிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு சுமார் 2, எலுமிச்சைச் சாற்றின் அளவு. மலை தூங்கவும் இல்லை. 2018 ஜனவரி 23 அன்று மோட்டோ-ஷிரானே திடீரென வெடித்து, பனிச்சறுக்குத் தளத்தில் கற்கள் விழுந்து, பயிற்சியில் இருந்த தற்காப்புப் படை வீரர் ஒருவர் இறந்தார்.

குளித்து முடித்த நீர் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். ஊரிலிருந்து இறங்கும் யுகாவா ஆற்றில் அந்த அமிலம் அப்படியே ஓடியது. மீன் கிடையாது, வயலுக்கு ஆகாது, பாலத்தின் சிமெண்டும் இரும்பும் கரையும். 1964-இல் ஊருக்குக் கீழே ஒரு ஆலை கட்டி, சுண்ணாம்புக் கல் பொடியைக் கரைத்து ஆற்றில் விடத் தொடங்கினார்கள். பால் போன்ற அந்தக் கரைசல் இரவும் பகலும், வருடத்தின் எல்லா நாளும், இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. ஓடும்போதே அமிலம் முறிந்து, கசடு ஷினாகி அணையில் படிகிறது. நிறுத்தினால் கீழே உள்ள ஆறு மறுபடி செத்துவிடும்.

சனி

இன்றைக்கு எழுதுவது கடினம்.

ஊரிலிருந்து வாடகை வண்டியில் சிறிது தூரம் போனால் குரியு ராகுசென்-என் என்ற தொழுநோயாளர் இல்லம். அரசு 1932-இல் தொடங்கியது. அதன் அருகே, காட்டுக்குள், ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 2014-இல் திறந்தார்கள். வருவதற்கு முன்பே படித்திருந்தேன். இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை நேற்றிரவுதான் அக்காவிடம் சொன்னேன். நம் ஊரில் என் வெண்புள்ளியைத் தொழுநோயோடு சேர்த்துப் பேசியவர்களை அவளும் அறிவாள். அவளுக்கு வந்த ஒரு வரன் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் நின்றுபோனது.

குசாட்சுவின் நீர் தொழுநோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையில் நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் இங்கே வந்தார்கள். முதலில் ஊருக்குள்ளேயே தங்கினார்கள். 1887-இல் மற்ற விருந்தினர்களிடமிருந்து பிரித்து, ஊரின் கீழ்க்கோடியில் யுனோசாவா என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவர்கள் தங்களுக்கென்று ஒரு ஊரையே உண்டாக்கிக்கொண்டார்கள், கடை, விடுதி எல்லாவற்றோடும். 1916-இல் மேரி கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேயப் பெண்மணி, அறுபதை நெருங்கும் வயதில், அங்கே வந்து தங்கி மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார். அவரை அம்மா என்றே அழைத்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் யுனோசாவாவையும் கலைத்து, இருந்தவர்களை அரசு இல்லத்துக்குள் அனுப்பிவிட்டார்கள்.

அருங்காட்சியகம் காட்டுவது இல்லத்தை அல்ல. இல்லத்தின் ஓரத்தில் இருந்த சிறையை. "சிறப்பு நோயாளர் அறை" என்று பெயர் வைத்திருந்தார்கள், வைத்தியம் எதுவும் நடக்கவில்லை. எதிர்த்துப் பேசியவர்களையும் தப்பிக்க முயன்றவர்களையும் ஜப்பானின் எல்லா இல்லங்களிலிருந்தும் இங்கே கொண்டுவந்தார்கள். நீதிமன்றம் இல்லை, விசாரணை இல்லை. 1938 முதல் 1947 வரை 93 பேரை அடைத்தார்கள். அவர்களில் 23 பேர் இறந்தார்கள். குசாட்சுவுக்கு அனுப்பிவிடுவேன் என்பது மற்ற இல்லங்களில் மிரட்டலாக இருந்ததாம்.

உள்ளே அந்த அறைகளை அதே அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். உயரமான சுவர், அடுத்தடுத்து கதவுகள், சோற்றை உள்ளே தள்ள ஒரு சின்னத் திறப்பு, வெளிச்சத்துக்கு மேலே கையகல ஜன்னல். சூடு காயக் கணப்பு கிடையாது. வெளியே எங்கள் காலணி புதையும் பனி. இதே பனியில், மெல்லிய போர்வையோடு, நாளுக்கு இரண்டு வேளை கொஞ்சம் சோற்றோடு. நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கிண்ணமும் மூக்குக் கண்ணாடியும் கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. அந்த மூக்குக் கண்ணாடியின் முன்னால் நான் நின்றுவிட்டேன். அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொழுநோய்க்கு நல்ல மருந்து 1940-களிலேயே வந்துவிட்டது. ஆனாலும் தனிமைப்படுத்தும் சட்டத்தை 1996 வரை வைத்திருந்தார்கள். 1998-இல் 13 பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2001-இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்தக் கொள்கை அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. அதற்கும் பிறகு, 2003-இல், அதே குமமோட்டோவில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதி, நோய் என்றோ குணமான முன்னாள் நோயாளிகளைத் தங்க அனுமதிக்க மறுத்தது. குளிக்கத்தான் போனார்கள் அவர்கள். குரியு இல்லத்தில் முதியவர்கள் சிலர் இன்னும் வாழ்கிறார்கள். நோய் எப்போதோ போய்விட்டது, திரும்பிப் போக வீடு இல்லாமல் போனதுதான் காரணம்.

வண்டியில் திரும்பும்போது அக்கா கேட்டாள்.

"சாயங்காலம் குளிக்க வேண்டாமா? விட்டுடலாமா?"

"போலாம்க்கா. போகணும்."

வியாழன் இரவு அந்தப் பாட்டி எனக்கு இடம் விட்டு நகர்ந்தது இந்த நீரின் குணம் என்றோ இந்த மக்களின் இயல்பு என்றோ நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு தோலைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல் இருப்பது இந்த ஊரில் எல்லாக் காலத்திலும் இருந்த ஒன்றல்ல. தங்கள் பெயரைக்கூட மறைத்து வாழ வேண்டியிருந்த முதியவர்கள் நீதிமன்றப் படி ஏறி வாங்கித் தந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது. எனக்குக் கிடைத்த நிம்மதிக்கு நான் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

சாய்நோகவாரா பூங்காவின் கோடியில் திறந்தவெளிக் குளியல். ஆண், பெண் இரு பக்கமும் சேர்த்து 500 சதுர மீட்டர் பரப்பு. அங்கே போகும் வழியெல்லாம் பனிக்கு நடுவே ஓடையில் ஆவி எழுகிறது; நீர் போகிற இடத்தில் மட்டும் பனி நிற்பதில்லை. துணி மாற்றும் இடத்திலிருந்து நீர் வரைக்கும் சில அடிதான், அதற்குள் ஈரப் பாதம் விறைத்துவிட்டது. இறங்கி உட்கார்ந்ததும் தலைமுடி நுனியில் பனித்துளி உறைந்தது. தோள் சூட்டில், நெற்றி குளிரில். மரக்கிளையிலிருந்து பனி பொத்தென்று நீரில் விழுந்து கரைந்தது. பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அக்காவிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். திருச்சி என்றாள் அக்கா. அதற்குள் அவர்கள் என் பக்கம் திரும்பி, குளிர் அங்கே எப்படி என்றார்கள். குளிரே கிடையாது என்றேன். இருவரும் சேர்ந்து ஆச்சரியப்பட்டார்கள்.

ஞாயிறு

காலைப் பேருந்தில் கிளம்பிவிட்டோம். முழங்கால் வலிக்காக அம்மாவை ஏப்ரலில் அழைத்துவர வேண்டும் என்று அக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஷிரஹாத்தாவில் தொடங்காதீர்கள், முதலில் விடுதித் தொட்டியில் பழகுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், எழும்போது மெதுவாக எழுங்கள், முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வெள்ளி நகையை அறையிலேயே வைத்துவிடுங்கள். பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் அனுமதி இல்லை, முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இந்த நீர் வெண்புள்ளியைக் குணமாக்காது, அந்த நம்பிக்கையோடு யாரும் போக வேண்டாம். அமிலம் அதிகம் என்பதால் மென்மையான தோலில் எரிச்சல் வரலாம். வெளியே வந்ததும் சாதாரண நீரில் அலசிவிடுங்கள், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது நாள் முழங்கை மடிப்பில் லேசாகச் சிவந்தது, மறுநாள் போய்விட்டது. வெண்புள்ளி இருக்கும் பெண்கள் யாருக்காவது, உள்ளே எப்படி இருக்கும், என்ன செய்வார்கள் என்று இன்னும் கேட்க வேண்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள், சொல்கிறேன்.